மேப்பில் அழகாக உட்கார்ந்திருக்கும் தப்பான மாடல்

க்ரையோ-இஎம் (உறையவைத்த மாதிரியை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் படமெடுக்கும் முறை) தரும் முப்பரிமாண அடர்த்தி வரைபடம்தான் மேப். அதில் அணுக்களைப் பொருத்திப் புரத மாடல் கட்டப் புதிதாக வருபவர்களின் கோப்புகளைத் திறந்தால் திரும்பத் திரும்ப அதே தவறுகள்தான். அடர்த்திக்கு வெளியே தொங்கும் சங்கிலியைப் பற்றி இங்கே பேசப்போவதில்லை, அது கண்ணுக்கே தெரியும். ஒழுங்காகப் பொருந்தியபடியே தப்பாக இருப்பவைதான் ஆபத்து.

இடவலம் மாறிய மேப்

க்ரையோ-இஎம் மேப் கண்ணாடி பிம்பமாக வந்துவிடுவது சகஜம். புரதச் சங்கிலியின் சுருளான ஆல்ஃபா ஹெலிக்ஸ் வலப்பக்கமாகத்தான் சுற்ற வேண்டும். அதை முதலில் பாருங்கள்.

ஆல்ஃபாஃபோல்டு மாடலை அப்படியே இறக்குவது

ஆல்ஃபாஃபோல்டு, அமினோ அமில வரிசையிலிருந்து புரத வடிவத்தைக் கணிக்கும் நிரல். பி-ஃபேக்டர் (அணுவின் இடம் எவ்வளவு நிச்சயமற்றது என்னும் அளவு) இருக்க வேண்டிய இடத்தில் அது தன் நம்பகத்தன்மை மதிப்பெண்ணை எழுதி வைக்கிறது. பி-ஃபேக்டர் கூடினால் சந்தேகம் கூடும். இந்த மதிப்பெண்ணோ அதற்கு நேரெதிர். மாற்றிவிட்டுத் தொடங்குங்கள். மதிப்பெண் 70-க்குக் கீழே உள்ள பகுதிகளை வெட்டி, டொமைன்களை (தனியாக மடியும் பகுதிகளை)த் தனித்தனியாகப் பொருத்துங்கள்.

அமினோ அமில வரிசை ஓரிடம் தள்ளிப்போவது

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருகிறது. மேப்பின் ரெசல்யூஷன் (எவ்வளவு நுண்ணிய விவரம் தெரியும் என்னும் அளவு) 3.5 முதல் 4 ஆங்ஸ்ட்ராம் என்றால் முதன்மைச் சங்கிலி தெளிவாகத் தெரியும், பக்கச்சங்கிலிகள் மங்கலான புடைப்புகளாகத்தான் தெரியும். ஹெலிக்ஸ்களை இணைக்கும் மங்கிய ஒரு லூப்பில் ஓர் அமினோ அமிலத்தைக் கூடுதலாகத் திணித்துவிட்டால், அதற்கடுத்த ஹெலிக்ஸ் முழுவதும் தள்ளிப்போகும். ஹெலிக்ஸில் ஓரிடம் என்பது 1.5 ஆங்ஸ்ட்ராம் நகர்வு, 100 டிகிரி திருப்பம். அதாவது ஒவ்வொரு பக்கச்சங்கிலியும் வேறு திசையைப் பார்க்கும். ஆனாலும் முதன்மைச் சங்கிலி அதே குழாய்க்குள்தான் இருக்கிறது. மாடலும் மேப்பும் எவ்வளவு பொருந்துகின்றன என்று சொல்லும் ஒத்திசைவு எண் பெரிதாகக் குறையாது. மாடலை மேப்போடு கணினியே நுணுக்கமாகப் பொருத்தும் ரிஃபைன்மென்ட்டும் சரிசெய்யாது. மொத்த ஹெலிக்ஸையும் திருகி நகர்த்தும் வேலை அதனால் ஆகாது, இருந்த இடத்திலேயே மெருகேற்றும்.

ஒரு மாணவர் சவ்வுப் புரதம் ஒன்றின் மாடலைக் கொண்டுவந்தார். புள்ளிவிவர அட்டவணையில் குறையே இல்லை. ஒரு டிரிப்டோபனைச் சொடுக்கினேன்: அதன் பெரிய வளையம் வெறும் இடத்தில் நின்றது. பக்கத்திலிருந்த, பக்கச்சங்கிலி என்று சொல்லும்படி ஒன்றுமில்லாத கிளைசினைச் சுற்றி, யாருக்கும் சொந்தமில்லாத பெரிய அடர்த்தி. அதற்குள் அவர், மருந்து கட்டுப்படும் குழியை நோக்கி இருப்பதாக மாடல் காட்டிய அமினோ அமிலங்களை மாற்றிச் சோதனையும் செய்து முடித்திருந்தார். எதுவும் மாறவில்லை என்று குழம்பிப்போயிருந்தார். உண்மையில் அவை கொழுப்புப் படலத்தைப் பார்த்து நின்றவை.

ஆகவே முதலில் மேப்பில் எளிதாக அடையாளம் தெரியும் நங்கூரங்களைப் பிடியுங்கள்: டிரிப்டோபன், ஃபீனைல்அலனின், டைரோசின், டைசல்ஃபைடு பிணைப்பு, சர்க்கரை ஒட்டிய அஸ்பராஜின். அங்கிருந்து இரு பக்கமும் எண்ணிக்கொண்டே போங்கள். ஆஸ்பார்டேட், குளுட்டமேட் இரண்டின் அடர்த்தியும் பெரும்பாலும் மங்கியே இருக்கும். அவை தெரியவில்லை என்பதை ஆதாரமாக எடுக்காதீர்கள். சந்தேகமுள்ள ஹெலிக்ஸை ஓரிடம் முன்னும் பின்னும் தள்ளி, கியூ-ஸ்கோரை (ஒவ்வோர் அணுவும் மேப்பில் எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது என்னும் மதிப்பெண்ணை) ஒப்பிடுங்கள். செக்மைசீக்வென்ஸ் நிரல் இதற்காகவே எழுதப்பட்டது. ஆல்ஃபாஃபோல்டு கணிப்போடு ஓரிடம் முரண்பட்டால் அந்த லூப்பை மறுபடி பாருங்கள். அப்படியும் முடிவுக்கு வர முடியவில்லையா? பக்கச்சங்கிலி இல்லாமல் விட்டுவிடுங்கள். இல்லாத விவரத்தை நம்பி இன்னொருவர் சோதனையில் இறங்க வேண்டாம்.

மேப்பை அளவுக்கு மீறிக் கூர்மையாக்குவது

இரைச்சலும் பக்கச்சங்கிலி போலவே தெரியும். கூர்மையாக்காத மேப்பையும் பக்கத்தில் திறந்து வையுங்கள்.

பிக்சல் அளவு

படத்தின் ஒரு பிக்சல் எத்தனை ஆங்ஸ்ட்ராம் என்ற கணக்கு ஒரு சதவீதம் பிசகினாலும் பெரிய மாடலின் ஓரங்கள் பொருந்தாது. தெரிந்த படிக அமைப்பைப் பொருத்திச் சரிபாருங்கள்.

ராமச்சந்திரன் வரைபடம்

முதன்மைச் சங்கிலியின் திருப்பக் கோணங்கள் இயல்பானவையா என்று காட்டும் வரைபடம் இது. ரிஃபைன்மென்ட்டில் அதையே கட்டுப்பாடாகக் கொடுத்திருந்தால், தரத்துக்குச் சான்றாகக் காட்டாதீர்கள்.