முல்கி புடெர்: எஸ்டோனியாவின் உருளைக்கிழங்கு பார்லி மசியல்

எஸ்டோனியச் சமையலை முதன்முதலாகச் செய்து பார்க்க நினைப்பவர்கள் இதில் தொடங்கலாம். உருளைக்கிழங்கு, பார்லி, பால், வெண்ணெய், அவ்வளவுதான். ருசி முழுக்கப் பொறுமையில் இருக்கிறது.

நாட்டின் தென்பகுதியில் உள்ள முல்கிமா வட்டாரத்துச் சாப்பாடு இது. 19ஆம் நூற்றாண்டில் அந்த ஊர் விவசாயிகள் ஆளி (லினன் துணிக்கு நார் தரும் செடி) பயிரிட்டு விற்ற காசில், பண்ணையார்களிடமிருந்து நிலத்தைச் சொந்தமாக வாங்கினார்கள். உருளைக்கிழங்கு அங்கே பரவலானதும் அதே நூற்றாண்டில்தான். பார்லியோ அந்த மண்ணின் பழைய தானியம். இரண்டும் ஒரே பானையில் சேர்ந்தன. இதைச் செய்யும் முறையை 2024-இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

நான்கு பேருக்கு: உருளைக்கிழங்கு 1 கிலோ, முத்து பார்லி 150 கிராம், பால் 150 மில்லி, வெண்ணெய் 2 மேசைக்கரண்டி, வெங்காயம் 2, புகையூட்டிய பன்றி இறைச்சி 200 கிராம், உப்பு. மசித்தால் பூவாக உதிரும் மாவுக் கிழங்காகப் பார்த்து வாங்குங்கள்.

1. பார்லியைக் கழுவி, முந்தின நாள் இரவே ஊற வையுங்கள்.

2. கிழங்கைத் தோல் சீவி, பெரிய துண்டுகளாக்கி, அடி கனமான பாத்திரத்தில் பரப்புங்கள். ஊறிய பார்லியை வடித்து அதன்மேல் தூவுங்கள். கிளறக் கூடாது. பார்லி கீழே இறங்கினால் அடிப்பிடிக்கும். மேலே இருந்தால் அடிப்பிடிக்காமல் வெந்துவிடும். எல்லாம் மூழ்கும் அளவுக்கு மட்டும் தண்ணீர் ஊற்றி உப்பு போடுங்கள்.

3. கொதி வந்ததும் தீயை நன்றாகக் குறைத்து மூடி விடுங்கள். முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். கரண்டி போடவே வேண்டாம். நடுவில் திறந்து பார்த்தால் பார்லி உப்பி, கிழங்கின்மேல் வெள்ளைப் போர்வையாகப் படிந்திருக்கும். ஒரு பார்லி மணியை எடுத்து விரலால் நசுக்குங்கள். நடுவில் கடினமாக எதுவும் தட்டுப்படாமல் நசுங்கினால் பதம் சரி. தண்ணீர் வற்றிவிட்டது போலிருந்தால் ஓரமாகக் கொஞ்சம் வெந்நீர் விடலாம்.

4. இதுதான் முக்கியமான கட்டம். அடியில் மிஞ்சியிருக்கும் கஞ்சித் தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள். கிழங்கையும் பார்லியையும் சேர்த்துப் பிடிப்பது அதுதான். ரொம்ப நிறைய இருந்தால் மூடியைத் திறந்து வைத்துச் சற்று வற்ற விடுங்கள். அப்புறம் சூடான பால், வெண்ணெய் சேர்த்து மரமத்தால் மசியுங்கள். கீரை கடையும் மத்தே போதும். கிழங்கு முழுக்க மசிய வேண்டும், பார்லி மணி மணியாக நிற்க வேண்டும். மிக்ஸியில் போட்டால் பசையாகிவிடும், அந்த எண்ணமே வேண்டாம்.

5. இறைச்சியைச் சிறு துண்டுகளாக நறுக்கி, அதன் கொழுப்பு உருகும்வரை வதக்கி, வெங்காயத்தையும் அதிலேயே பொன்னிறமாக வறுங்கள். இறைச்சி சாப்பிடாதவர்கள் வெங்காயத்தை வெண்ணெயில் தாராளமாக வறுத்துக்கொள்ளலாம். அதுவும் அருமையாக இருக்கும்.

மசியலைத் தட்டில் குவித்து, நடுவில் குழி செய்து, வறுத்ததை உருகிய கொழுப்போடு ஊற்றுங்கள். பக்கத்தில் ரை என்ற தானியத்தில் செய்த கறுப்பு ரொட்டியும் புளித்த கிரீமும் வைத்துச் சூடாகவே பரிமாறுங்கள். மிஞ்சினால் கவலையில்லை. மறுநாள் இறுகியிருக்கும், வாணலியில் வெண்ணெய் விட்டு, அடி முறுகும்வரை வறுத்துச் சாப்பிடுங்கள்.