நாலு வருஷம் ஓடியாச்சு, முன்னேறினோமா? கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிசம்பர் கடைசி வாரம் வந்தால் போதும், பெசன்ட் நகர் கடற்கரையில் ஓடி முடித்து டீயோடு நிற்கிறவர்கள் எல்லோர் கையிலும் போன் இருக்கும். ஓட்டத்தைப் பதிவு செய்யும் ஆப்பான ஸ்ட்ராவாவின் ஆண்டுக் கணக்கு வந்திருக்கும். நாலைந்து வருஷமாக ஓடுகிறவர்களில் ஒருவர் "முன்னேற்றமே இல்ல சார்" என்று முகத்தைத் தொங்கப்போடுவார். பக்கத்தில் நிற்பவர் "ஹாஃப் மாரத்தான்ல பத்து நிமிஷம் குறைச்சுட்டேன்" என்பார். பெரும்பாலும் இரண்டு கணக்குமே தப்பு. முன்பு வெறும் ஸ்டாப் வாட்சை வைத்துக்கொண்டு பழைய ஆட்கள் போட்ட அதே தப்புக் கணக்கை, இப்போது வந்தவர்கள் நாற்பதாயிரம் ரூபாய் வாட்சைக் கட்டிக்கொண்டு போடுகிறார்கள்.

புது ஷூவோடு ரேஸுக்குப் போகாதே, முதல் கிலோமீட்டரிலேயே பறக்காதே என்பதெல்லாம் இங்கே வராது. அவை முதல் வருஷத்துப் பாடம். இது சில வருஷம் ஓடிய பிறகு திரும்பிப் பார்க்கிறவர்களுக்கு.

ஜனவரி டைமிங்கை மே மாதத்தோடு ஒப்பிடுவது

எத்தனை முறை சொன்னாலும் திரும்பத் திரும்ப நடப்பதும், வருஷக்கணக்கில் ஆளை ஒரே இடத்தில் நிறுத்தி வைப்பதும் இந்தத் தவறுதான்.

நடப்பது இப்படி. ஒருவர் ஜனவரியில் சென்னை மாரத்தானில் ஹாஃப் ஓடுகிறார், 1 மணி 58 நிமிஷம். சந்தோஷம். பிப்ரவரி ஓய்வு. ஏப்ரல் வந்ததும் அவருடைய வழக்கமான ஈஸி ரன் பேஸ் (மெதுவாக ஓடும்போது ஒரு கி.மீ.க்கு ஆகும் நேரம்), 6:30 நிமிஷம், கையில் நிற்க மாட்டேன் என்கிறது. அதே பேஸில் ஓடினால் இதயத் துடிப்பு 140க்குப் பதில் 155 காட்டுகிறது. மே மாதம் 6:55க்கு இறங்குகிறார். "ஃபிட்னஸ் போச்சு" என்று முடிவு கட்டி, வாரத்தில் மூன்று நாள் வேக ஓட்டம் போடுகிறார். ஜூனில் முழங்காலுக்குக் கீழே எலும்போரம் வலி. ஜூலை முழுக்க ஐஸ் பை. ஆகஸ்டில் மெதுவாகத் திரும்பி வந்து, நவம்பர் டிசம்பரில் எட்டு வாரம் பயிற்சி செய்து, ஜனவரியில் 1:57 ஓடுகிறார். அந்த ஒரு நிமிஷத்தைப் புது ஷூ கொடுத்தது என்று நினைத்துக்கொள்கிறார். அடுத்த வருஷம் அப்படியே முதலிலிருந்து. நாலு வருஷத்தில் நாலு முறை எட்டு வார உழைப்பு நடந்திருக்கிறது. நாலு வருஷத்து உழைப்பு நடக்கவே இல்லை.

உடம்பில் என்ன ஆகிறது என்று தெரிந்தால் இந்தப் பதற்றம் வராது. ஓடும்போது செலவாகும் சக்தியில் கால் பங்குகூட நம்மை முன்னே தள்ளுவதற்குப் போவதில்லை, மிச்சமெல்லாம் சூடு. 70 கிலோ ஆள் 10 கி.மீ. ஓடினால் சுமாராக 700 கிலோ கலோரி செலவு, அதில் 550 வெப்பம். ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் ஏறக்குறைய 580 கிலோ கலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். கணக்குச் சரியாக இருக்கிறது, ஆனால் ஆவியானால்தான். சொட்டிக் கீழே விழுந்த வியர்வை எதையும் குளிர்விப்பதில்லை. மே மாத விடியலில் ஷார்ட்ஸ் நுனியிலிருந்து சொட்டுகிறதே, ஷூவுக்குள் சளக் சளக் என்கிறதே, அது அத்தனையும் வீண். குளிர்விக்க வழியில்லாத உடம்பு ரத்தத்தைத் தோலுக்கு அனுப்புகிறது. தசைக்கும் தோலுக்கும் சேர்த்து இறைக்க வேண்டியிருப்பதால் இதயம் கூடுதலாக அடிக்கிறது. ஃபிட்னஸ் எங்கேயும் போகவில்லை.

இதில் ஈரப்பத சதவீதம் ஆளை ஏமாற்றும். ஜனவரி காலை 21 டிகிரி, ஈரப்பதம் 90 சதவீதம். மே காலை 28 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம். போனைப் பார்த்துவிட்டு "மே மாதம்தான் ஈரப்பதம் கம்மி" என்று வாதாடுகிறவர்கள் உண்டு. பார்க்க வேண்டியது பனிநிலை. வானிலை ஆப்பில் டியூ பாயின்ட் என்று இருக்கும். முதல் நாளுக்கு அது சுமார் 19, இரண்டாவது நாளுக்கு 24. காற்றில் ஏற்கெனவே எவ்வளவு நீர் இருக்கிறது என்பதை அதுதான் சொல்கிறது. 20க்குக் கீழே என்றால் நம் ஊருக்குப் பரவாயில்லை. 24க்கு மேல் போனால் பேஸை மறந்துவிடுவது நல்லது. 6:30இல் ஓடுகிறவருக்கு 5 சதவீதம் இறங்கினாலே கி.மீ.க்கு 20 நொடி போய்விடும். சென்னை மே மாதத்தில் 20 முதல் 30 நொடி இறங்குவது சாதாரணம்.

அப்படியானால் முன்னேற்றத்தை எப்படித்தான் அளப்பது? மாதம் ஒருமுறை, ஒரே ஓட்டம், ஒரே துடிப்பு.

மேடு பள்ளம் இல்லாத ஒரு 5 கி.மீ. பாதையைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். பாலம் இருந்தால் வேண்டாம். மெரினா சர்வீஸ் ரோடு மாதிரி நேராக இருந்தால் உத்தமம். அதற்கு முந்தைய இரண்டு நாளும் கடின ஓட்டம் இருக்கக் கூடாது. காலை 5:30 என்றால் எல்லா மாதமும் 5:30. துடிப்பை அளக்கும் நெஞ்சுப் பட்டை கட்டாயம். அதன் உட்புறத்தைத் தண்ணீரால் நனைத்துக் கட்ட வேண்டும், காய்ந்த பட்டை முதல் பத்து நிமிஷம் கண்டதையும் காட்டும். 15 நிமிஷம் மெதுவாக ஓடிச் சூடேற்றிய பிறகு, முழு வாக்கியம் பேச முடிகிற ஒரு துடிப்பைப் பிடித்துக்கொண்டு 5 கி.மீ. ஓடுங்கள். உங்களுக்கு அது 140 என்றால், 137க்கும் 143க்கும் நடுவிலேயே இருக்க வேண்டும். ஏறினால் வேகத்தைக் குறையுங்கள், கௌரவம் பார்க்காதீர்கள். முடித்ததும் ஐந்து விஷயம் எழுதுங்கள்: மொத்த நேரம், வெப்பம், பனிநிலை, இரண்டாவது கி.மீ. பேஸ், ஐந்தாவது கி.மீ. பேஸ்.

முதல் கி.மீ.யை விட்டுவிடுவதற்குக் காரணம், துடிப்பு ஏறி நிலைக்க நேரம் எடுக்கும். அங்கே பேஸ் எப்போதும் அழகாகத்தான் தெரியும். இரண்டுக்கும் ஐந்துக்கும் உள்ள வித்தியாசம்தான் உண்மையைச் சொல்லும். ஓட ஆரம்பித்த புதிதில் 40 நொடி விழுந்தவர், மூன்றாவது வருஷம் அதே வெப்பத்தில் 15 நொடி மட்டுமே விழுகிறார் என்றால், ரேஸ் டைமிங் நகராவிட்டாலும் அவர் முன்னேறியிருக்கிறார்.

ஒப்பிடும்போது மே மாதத்தை மே மாதத்தோடு. முதல் வருஷம் மே மாதத்தில் 140க்கு 7:20, அடுத்த மே 7:05, அதற்கடுத்த மே 6:55. இப்படி ஒரு வரிசை கையில் இருக்கிறவர் ஏப்ரலில் பதற மாட்டார், வேக ஓட்டத்தில் போய் விழ மாட்டார். இன்னொன்று. வெயிலில் 10 முதல் 14 நாள் தொடர்ந்து ஓடினாலே உடம்பு பழக ஆரம்பித்துவிடும். ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும், வியர்வை சீக்கிரமே வர ஆரம்பிக்கும், அதில் உப்பு குறையும். கோடையில் பொறுமையாக ஓடியதன் கூலியில் கொஞ்சம் ஜனவரியில் கைக்கு வருகிறது. புகழ் மட்டும் பீட்ரூட் ஜூஸுக்குப் போகிறது.

ஊர் மாற்றமும் இதே கணக்குத்தான். டிசம்பரில் கோவையில் ஓடிய நேரத்தைச் சென்னையோடு வைத்துப் பார்க்காதீர்கள். மும்பையில் திரும்பி வரும்போது பெடர் ரோடு ஏற்றம் இருக்கிறது. பெங்களூரு 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்று குளிர்ச்சி, சாலை மேடு பள்ளம். ஒவ்வொரு ரேஸுக்கும் அந்த ரேஸின் போன வருஷ நேரம்தான் ஜோடி.

வாட்சின் 21.4 கி.மீ.யை நம்புவது

ஹாஃப் என்பது 21.0975 கி.மீ. முறையாக அளந்த பாதையில், வளைவுகளில் மிகக் குறுகிய கோட்டைப் பிடித்து, அளவு சரிபார்த்த சைக்கிளை வைத்து அளப்பார்கள். பாதை குறைந்துவிடக் கூடாது என்று கி.மீ.க்கு 1 மீட்டர் கூட்டியும் வைப்பார்கள். நாம் அந்தக் கோட்டில் ஓடுவதில்லை. தண்ணீர் மேஜைக்கு ஒதுங்குகிறோம், கூட்டத்தைச் சுற்றுகிறோம், ஜிபிஎஸ் வேறு கட்டடங்களுக்கு நடுவில் கோணல்மாணலாகக் கோடு போடுகிறது. முடிவில் வாட்ச் 21.3, 21.4 என்று காட்டுவது சகஜம்.

இரண்டு மணி நேரத்துக்குள் முடிக்க 5:41 பேஸ் போதும் என்று கணக்குப் போட்டு, வாட்சில் கடைசி வரை 5:41 காட்ட ஓடியவர் 21.4 கி.மீ. ஓடினால் 2:01:37க்குத்தான் கோட்டைத் தாண்டுவார். அவருக்குத் தேவைப்பட்டது 5:36. கி.மீ.க்கு ஒருமுறை வாட்சில் தானாக விழும் லேப்பை அணைத்துவிட்டு, சாலையோரக் கி.மீ. பலகையில் பட்டனை அழுத்துங்கள். வருஷக் கணக்குக்கு அதிகாரபூர்வமான சிப் நேரத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். "நடுவில் ஒரு 10 கி.மீ.யில் பெஸ்ட் வந்திருக்கு" என்று ஆப் கொடுக்கும் பதக்கத்தை நோட்டில் ஏற்றாதீர்கள்.

ஆட்டோ பாஸ்

நாம் நின்றால் வாட்சும் தானாக நேரத்தை நிறுத்தும் வசதி இது. அணைத்துவிடுங்கள். சிக்னலில் நின்றதும் ஓட்டத்தின் நேரம்தான்.

விஓ2 மேக்ஸ் எண்ணைக் கும்பிடுவது

உடம்பு அதிகபட்சமாக எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியும் என்பதுதான் விஓ2 மேக்ஸ். வாட்ச் ஆக்சிஜனை அளக்கவில்லை. பேஸையும் துடிப்பையும் வைத்து ஊகிக்கிறது. கோடையில் துடிப்பு ஏறினால் அந்த எண் இறங்குவதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. மணிக்கட்டுச் சென்சாருக்கு இன்னொரு நோய் உண்டு: சில சமயம் துடிப்புக்குப் பதில் காலடியை எண்ணிவிடும். ஈஸி ரன்னில் துடிப்பு 170 என்று அசையாமல் நின்றால், நிமிஷத்துக்கு எத்தனை எட்டு வைத்தீர்கள் என்று பாருங்கள். அதுவும் 170ஆக இருக்கும்.

220இல் வயதைக் கழித்து உச்சத் துடிப்பைக் கண்டுபிடிப்பதும் இப்படித்தான். ஒரே வயதுள்ள இருவருக்கு 20 துடிப்பு வித்தியாசம் சாதாரணமாக இருக்கும். உடம்பில் தொந்தரவு எதுவும் இல்லாதவர், ஒரு 5 கி.மீ. ரேஸின் கடைசி 400 மீட்டரில் பட்டை காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்ளலாம். சூத்திரத்தைவிட அது மேல்.

மாதக் கிலோமீட்டரை முன்னேற்றம் என்பது

31ஆம் தேதி இரவு பத்தரை மணிக்கு அபார்ட்மென்ட்டைச் சுற்றிச் சுற்றி ஓடுகிறார் ஒருவர். 200க்கு இன்னும் 3.2 கி.மீ. பாக்கியாம். வாட்ச்மேன் நாற்காலியைப் பின்னால் இழுத்துப் போட்டு வழி விடுகிறார். அந்த 3.2 கி.மீ.யால் உடம்புக்கு ஒன்றும் கூடவில்லை, மறுநாள் காலை ஓட்டம்தான் கெட்டது. மாத மொத்தம் தேதிகளுக்குக் கட்டுப்பட்டது. தசைக்குத் தேதி தெரியாது. பார்ப்பதானால் நாலு வாரச் சராசரியைப் பாருங்கள், கூடவே அந்த நாலில் மிகக் குறைந்த வாரம் எவ்வளவு என்று பாருங்கள். 50, 50, 50, 50 ஓடியவரும் 80, 10, 90, 20 ஓடியவரும் மொத்தத்தில் சமம். பிசியோதெரபிஸ்டிடம் இரண்டாவது ஆள்தான் போகிறார்.

ஷூவின் நிமிஷத்தைத் தன் கணக்கில் எழுதுவது

கார்பன் தகடு போட்ட ரேஸ் ஷூ உண்மையிலேயே வேகம் தரும். நைக்கியின் முதல் மாடல் 2017இல் வந்தபோது, நல்ல ஓட்டக்காரர்களை வைத்துச் செய்த ஆய்வக அளவீட்டில் சக்திச் செலவு சராசரியாக 4 சதவீதம் குறைந்தது. நேரம் அதே அளவு குறையாது, மெதுவாக ஓடுகிறவர்களுக்கு ஆளுக்கு ஆள் மாறும். வாங்குவதில் தப்பில்லை. ஆனால் எந்த ரேஸில் மாற்றினீர்கள் என்று நேரத்துக்குப் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். மாதாந்தரச் சோதனை ஓட்டத்துக்குப் பழைய சாதா ஷூ மாடலையே வைத்திருங்கள்.

எடை

வேறு நோட்டில் எழுதுங்கள்.

ஃபுல் மாரத்தானை வைத்துத் தீர்ப்புச் சொல்வது

ஒரு தூரத்து நேரத்திலிருந்து இன்னொன்றை ஊகிக்கப் பீட்டர் ரீகல் என்ற அமெரிக்கப் பொறியாளர் கொடுத்த சூத்திரம் உண்டு: தூரங்களின் விகிதத்தை 1.06 அடுக்குக்கு உயர்த்திப் பழைய நேரத்தால் பெருக்க வேண்டும். 10 கி.மீ. 55 நிமிஷம் என்றால் ஹாஃப் 2:01, ஃபுல் 4:13 வரும். ஹாஃப் வரைக்கும் பெரும்பாலும் ஒத்துப்போகும். வாரம் 40 கி.மீ. ஓடுகிறவர் ஃபுல்லில் 4:45க்கு வந்து "நான் மோசம்" என்று உட்கார்ந்துவிடுகிறார். 10 கி.மீ. நேரம் வருஷா வருஷம் குறைகிறது, ஃபுல் மட்டும் நகரவில்லை என்றால், குறை வேகத்தில் இல்லை. லாங் ரன்களின் எண்ணிக்கையிலும் 30 கி.மீ.க்குப் பிறகு வயிற்றுக்குள் என்ன போகிறது என்பதிலும் இருக்கிறது.

வயதை மறப்பது

38இல் ஆரம்பித்தவர் 46இல் அதே 10 கி.மீ. நேரத்தை வைத்திருந்தால் அது தேக்கம் இல்லை. உலக மூத்தோர் தடகளத்தின் வயதுவாரி அட்டவணையில் நேரத்தைப் போட்டால் சதவீதத்தில் ஒரு எண் கிடைக்கும். அது ஏறுகிறதா என்று மட்டும் பாருங்கள்.

ஓடாத வாரங்களை எழுதாமல் விடுவது

எல்லா ஆப்களும் ஓடியதைத்தான் காட்டும். நிறுத்திய வாரம் வெறும் இடைவெளியாகக் கிடக்கும், கண்ணில் படாது. ஒரு காகிதத்தில் வருஷத்துக்கு ஒரு வரி, வரிக்கு 52 கட்டம் போடுங்கள். மூன்று நாளாவது ஓடிய வாரத்தைப் பச்சையிலும், வலியால் விட்ட வாரத்தைச் சிவப்பிலும், காய்ச்சல், கல்யாணம், ஆபீஸ் என்று விட்டதை மஞ்சளிலும் நிரப்புங்கள். நாலு வருஷத்துக்கு நாலு வரி. சிவப்பு எல்லா வருஷமும் ஒரே மாதத்தில் வந்து உட்கார்ந்திருந்தால், அதற்கு முந்தைய ஆறு வாரம் என்ன செய்தீர்கள் என்று தேடிப் பாருங்கள். சென்னைக்காரர்கள் பலருக்கு அது ஜூனில் இருக்கும்.