ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கச்சேரி வைப்பது எப்படி?

பாட்டு 35 நிமிடம், கருவிகளைத் தொட்டுப் பார்க்க 20 நிமிடம். இதற்கு மேல் நீட்டாதீர்கள். ஞாயிறு காலை 10 மணி தோதான நேரம்: வயிறு நிறைந்திருக்கும், மதியத் தூக்கம் இன்னும் வந்திருக்காது. மாலையில் வைத்தால் கொசுவும் சிணுங்கலும் சேர்ந்துகொள்ளும்.

அடுக்குமாடிக் குடியிருப்பின் கூடமோ நூலக அறையோ போதும். மேடை வேண்டாம். கலைஞர்களும் ஜமுக்காளத்திலேயே உட்காரட்டும். எதிரே பிள்ளைகள் எழுந்து ஆட இரண்டு மீட்டர் இடம் விடுங்கள். நாற்காலிகள் சுவரோரமாக, தாத்தா பாட்டிகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் மட்டும். 25 குழந்தைகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பெற்றோரையும் சேர்த்தால் 60 பேர் ஆகிவிடும். அதற்கு மேல் போனால் மைக் தேவைப்படும், மைக் வந்தால் சத்தம் ஏறும். டைல்ஸ் போட்ட கூடம் எதிரொலிக்கும் என்பதால் தரை முழுக்க ஜமுக்காளம் விரியுங்கள்.

புல்லாங்குழல், வீணை, கஞ்சிரா, மிருதங்கம் கூடத்துக்குப் பொருந்தும். பறையும் நாதஸ்வரமும் தவிலும் திறந்தவெளிக்கு உரியவை. அவற்றைப் பிள்ளைகள் கட்டாயம் கேட்க வேண்டும், ஆனால் மைதானத்தில், பத்து மீட்டராவது தள்ளி உட்கார்ந்து. கைக்குழந்தைகளுக்குக் காதுறை போடுங்கள். பறையைக் காய்ச்ச நெருப்பு மூட்டினால் அந்த இடத்தில் ஒரு பெரியவர் நிற்க வேண்டும்.

ஒவ்வொரு பாட்டும் இரண்டு, மூன்று நிமிடத்துக்குள் இருக்கட்டும். முதல் பாட்டு எல்லா வீட்டிலும் பாடுவதாக இருந்தால் அம்மாக்கள் கூடவே பாடுவார்கள். பிள்ளைக்கு அதுவே தைரியம். திருப்பிப் பாடச் சொல்லும் வரிகள் 'ச', 'ப' சுரங்களுக்கு இடையிலேயே நிற்கட்டும். ஆதி தாளத்தின் விரல் எண்ணிக்கை இந்த வயதுக்கு வராது. 'தகதிமி'க்கு நாலு தட்டு, 'தகிட'வுக்கு மூன்று, அவ்வளவுதான். பிள்ளைகள் பின்தங்கினால் மிருதங்கக்காரர் வேகத்தைக் குறைத்து அவர்களோடு போக வேண்டும். இழுத்துக்கொண்டு ஓடினால் தட்டுவதையே விட்டுவிடுவார்கள். வில்லுப்பாட்டுக் குழு கிடைத்தால் விடாதீர்கள். 'ஆமா' போடுவதில் மூன்று வயதுக்காரரை மிஞ்ச ஆளில்லை.

ஆரவாரமான பாட்டு முடிந்த கையோடு ஒரு நிமிடம் புல்லாங்குழலில் மெல்லிய ஆலாபனை கொடுங்கள். கூடம் சட்டென்று அடங்கும். நீட்டினால் கலைந்துவிடும். கடைசிப் பாட்டு தாலாட்டாக இருக்கட்டும். துள்ளலோடு முடித்தால் அடுத்து கருவிகள் மேல் பாய்வார்கள்.

குலுக்கிகளை நீங்களே செய்யலாம். 200 மில்லி தண்ணீர் பாட்டிலில் இரண்டு மேசைக்கரண்டி கேழ்வரகு போட்டு, மூடியைப் பசையால் ஒட்டி, மேலே டேப் சுற்றுங்கள். புளியங்கொட்டை சிந்தினால் தொண்டையில் அடைக்கும். குன்றிமணி நஞ்சு, கூடவே கூடாது. குலுக்கிகளைத் தொடக்கத்திலேயே கொடுத்துவிட்டால் கடைசிவரை புல்லாங்குழல் கேட்காது. அதற்கான பாட்டுக்கு முன் கொடுத்து, முடிந்ததும் கூடையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

தொட்டுப் பார்க்கும் நேரத்தில் ஒரு கருவிக்கு ஒரு பெரியவர், ஐந்து பிள்ளைகள். தின்பண்டத்தை அதற்குப் பிறகு கொடுங்கள். எண்ணெய்க் கை கருவியின் தோலுக்கு ஆகாது. மிருதங்கத்தின் தொப்பியில், அதாவது இடப்பக்கத் தோலில், ஒட்டியிருக்கும் ரவையை நோண்டாத பிள்ளை இல்லை. ஆகவே வலப்பக்கமான வலந்தலையை அவர்கள் பக்கம் திருப்பி வையுங்கள். வாயில் வைக்கும் எதையும் கைமாற்றாதீர்கள்: குழலில் எச்சில், பல்லில் வைத்து மீட்டும் மோர்சிங்கில் பல் அடிபடும்.

எழுந்து ஓடலாம், அழுதால் வெளியே போய்த் திரும்பி வரலாம் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். இதைச் சொல்லாவிட்டால் பெற்றோர் பிள்ளையை அதட்டிக்கொண்டே இருப்பார்கள், பாட்டு யார் காதிலும் விழாது. செல்போனைப் பையில் வைக்கச் சொல்லுங்கள். வாசலில் ஒருவர் நிற்கட்டும். பாலூட்ட ஒரு மூலையைத் திரையிட்டுக் கொடுங்கள்.

குழந்தைகள் நிகழ்ச்சிதானே என்று கலைஞர்களின் சன்மானத்தைக் குறைக்காதீர்கள். பெரியவர் சபாவைவிட இங்கே உழைப்பு அதிகம். பேசிய தொகையை அன்றைக்கே, வண்டிச் செலவோடு கொடுத்து அனுப்புங்கள்.