மெஷினும் வேண்டாம், கிரீமும் வேண்டாம்: டோன்டு பாலில் வீட்டு ஐஸ்கிரீம்

வீட்டில் ஐஸ்கிரீம் செய்யலாம் என்றதும் பலரும் வாங்கி வருவது விப்பிங் கிரீமும் ஒரு டின் கண்டென்ஸ்டு மில்க்கும்தான். சுலபமான வழி, சொதப்பவும் சொதப்பாது. ஆனால் 400 மி.லி. விப்பிங் கிரீமில் மட்டும் கிட்டத்தட்ட 140 கிராம் கொழுப்பு உண்டு. ஒரு லிட்டர் டோன்டு பாலில் இருப்பது 30 கிராம். கீழே உள்ள அளவில் செய்தால் ஐஸ்கிரீமில் கொழுப்பு 3 சதவீதத்தைச் சற்றே தாண்டும். ‘ஐஸ்கிரீம்’ என்று பெயர் போட்டு விற்க இந்திய விதிப்படி 10 சதவீதப் பால்கொழுப்பாவது வேண்டும் என்பதோடு இதை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

கொழுப்பைக் குறைத்தால் அந்த இடத்துக்குத் தண்ணீர் வந்துவிடும். தண்ணீர் உறைந்தால் பனிக்கட்டிதான். பால் ஐஸ்கிரீம் நாக்கில் நறநறப்பதற்கும் கரண்டி இறங்காமல் கல்லாக நிற்பதற்கும் காரணம் அதுவே. அதனால் தண்ணீரில் கொஞ்சத்தை வற்றவிட வேண்டும், மிச்சத்தைக் கெட்டியாகப் பிடித்துவைக்க வேண்டும், உறையும்போது படிகங்களை உடைத்துவிட வேண்டும். இந்த மூன்றில் எதை விட்டாலும் குச்சி ஐஸ்தான் மிஞ்சும்.

தேவையானவை

டோன்டு பால் – 1 லிட்டர்
சர்க்கரை – 120 கிராம் (அரை கப்பும் ஒன்றரை மேசைக்கரண்டியும்)
ஸ்கிம்டு மில்க் பவுடர் – 3 மேசைக்கரண்டி (சுமார் 25 கிராம்)
கார்ன்ஃப்ளார் – தலை தட்டி 2 மேசைக்கரண்டி
உப்பு – ஒரு சிட்டிகை
வெனிலா எசன்ஸ் 1 டீஸ்பூன், அல்லது ஏலக்காய்த்தூள் அரை டீஸ்பூன்

காபி, டீக்குப் போடும் டெய்ரி வைட்னரை மில்க் பவுடருக்குப் பதிலாகப் போடாதீர்கள். பெரும்பாலும் அதில் சர்க்கரை கலந்திருக்கும், கணக்கு தவறிவிடும். நல்ல பவுடர்தானே என்று கூட்டிப் போட்டாலும் சிக்கல்தான். பாலில் இயல்பாகவே உள்ள சர்க்கரையான லாக்டோஸ் அளவு மீறினால் உறைந்தபின் மணல் மணலாகப் பிரிந்து நிற்கும்.

பால் காய்ச்சுவது

அரை கப் பாலை ஆறிய நிலையிலேயே தனியாக எடுத்து வையுங்கள். மீதியை அடிகனமான, அகன்ற பாத்திரத்தில் ஊற்றி, மரக்கரண்டியின் காம்பை நேராக உள்ளே நிறுத்தி, பால் எட்டும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். அந்த உயரத்தில் கால் பங்குக்குச் சற்றுக் கூடுதலாகக் குறையும்வரை மிதமான தீயில் வற்ற வேண்டும். 20 முதல் 25 நிமிடம் ஆகும். ஓரத்தில் ஒட்டும் ஆடையை வழித்து உள்ளேயே தள்ளுங்கள். பாஸந்திபோல வற்றவைக்க வேண்டாம். மேலே சொன்ன மணல் பிரச்சினை அங்கேயும் வரும்.

எடுத்து வைத்த பாலில் கார்ன்ஃப்ளாரையும் மில்க் பவுடரையும் கட்டியில்லாமல் கரைத்து, கொதிக்கும் பாலில் மெல்ல ஊற்றிக் கிளறுங்கள். சர்க்கரையும் உப்பும் சேர்த்து, குமிழி வந்தபின் 3 நிமிடம் விடாமல் கிளற வேண்டும். அவசரப்பட்டு இறக்கினால் மாவு வாசனை போகாது, தண்ணீரையும் அது பிடித்துவைக்காது. கரண்டியின் பின்புறம் பால் பூசியதுபோல ஒட்டி, விரலால் கோடு இழுத்தால் கோடு மூடாமல் நின்றால் பதம் சரி. சூட்டில் சுவை பார்க்கும்போது தித்திப்பு கொஞ்சம் தூக்கலாகவே தெரிய வேண்டும். குளிரில் நாக்குக்கு இனிப்பு மட்டாகத்தான் தெரியும்.

அகன்ற தட்டில் பச்சைத் தண்ணீர் ஊற்றி, அதில் பாத்திரத்தை வைத்து, ஆடை படியாமல் கிளறி ஆறவிடுங்கள். எசன்ஸ் இப்போது சேர்க்கலாம். பிறகு மூடி ஃப்ரிட்ஜில் ஓர் இரவு. இந்த இரவைத் தவிர்க்கத்தான் எல்லோருக்கும் ஆசை, ஆனால் தவிர்க்கக் கூடாது. பால் பவுடர் நன்றாக ஊறும், கலவை முழுக்கக் குளிர்ந்துவிடும். குளிர்ந்த கலவை சீக்கிரம் உறையும். சீக்கிரம் உறைந்தால்தான் படிகம் சிறிதாக இருக்கும்.

உறைய வைப்பது

ஃப்ரீஸரை 2 மணி நேரம் முன்பே உச்ச குளிருக்குத் திருப்பிவிடுங்கள். கலவையை ஐஸ் ட்ரேக்களில் ஊற்றி 5, 6 மணி நேரம் வையுங்கள். ட்ரே இல்லையென்றால் அலுமினியக் கேக் டின்னில் 2 செ.மீ. உயரத்துக்கு ஊற்றி, பாதி இறுகியதும் கத்தியால் துண்டு போட்டுக்கொள்ளலாம். ஆழமான பிளாஸ்டிக் டப்பாவில் ஊற்றினால் ஓரம் இறுகி நடு தளதளவென்று கிடக்கும்.

மிக்ஸி ஜாரையும் அரை மணி நேரம் ஃப்ரீஸரில் வையுங்கள். துண்டுகளை வெளியே 5 நிமிடம் வைத்து, விரலால் அழுத்தினால் லேசாகக் குழியும்போது, பாதி ஜார் அளவு மட்டும் போட்டு விப்பரில் (மிக்ஸியின் ‘பல்ஸ்’ திருப்பில்) விட்டுவிட்டு ஓட்டுங்கள். கல்போல இருக்கும்போது ஓட்டினால் பிளேடுக்கு ஆபத்து. ஒரேயடியாக ஓட்டினால் மோட்டார் சூட்டில் எல்லாம் பாலாகிவிடும். முதலில் உதிரியாக, ரவைபோல நிற்கும். பக்கங்களை வழித்துவிட்டு இன்னும் நாலைந்து முறை ஓட்டினால் திடீரென்று ஒன்றுசேர்ந்து, நிறம் வெளுத்து, குழைவாகச் சுழலத் தொடங்கும். அங்கே நிறுத்த வேண்டும். அந்த வெளுப்பு காற்று ஏறியதன் அடையாளம்.

குளிர்ந்த டப்பாவில் வழித்து, பட்டர் பேப்பரை மேற்பரப்பில் ஒட்டியபடி வைத்து மூடி, ஃப்ரீஸரின் உட்பக்கம் வையுங்கள். ஒன்றரை மணி நேரம் கழித்து இன்னொரு முறை அடித்தால் கடை ஐஸ்கிரீமுக்குப் பக்கத்தில் வந்துவிடும். பிறகு 4 மணி நேரம் தொடாமல் விடுங்கள்.

ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜில் குளிர் போதவில்லையா? வாளியில் மூன்று பங்கு உடைத்த ஐஸுக்கு ஒரு பங்கு கல் உப்பு போடுங்கள். உப்பு ஐஸை உருகவைக்கும்போது குளிர் பூஜ்யத்துக்கு வெகு கீழே இறங்கும். மூடி இறுக்கமான எவர்சில்வர் தூக்கில் கலவையைப் பாதியளவு ஊற்றி, வாளிக்குள் இறக்கிக் கையால் சுழற்றிக்கொண்டே இருங்கள். 5 நிமிடத்துக்கு ஒருமுறை மூடியைத் துடைத்துத் திறந்து ஓரத்தை வழித்துவிட வேண்டும். அரை மணி நேரத்தில் இறுகும். கைவலி உண்டு; ஆனால் விடாமல் கிளறுவதால் குழைவு மிக்ஸியில் வருவதைவிட நன்றாகவே இருக்கும்.

பழம் சேர்ப்பதானால்

மாம்பழக் கூழ் ஒரு கப்பை, 5 நிமிடம் அடுப்பில் சுண்டவைத்து ஆறவிட்டு, மிக்ஸியில் அடிக்கும் நேரத்தில் சேருங்கள். சர்க்கரையில் 20 கிராம் குறைத்துக்கொள்ளலாம். சூடான பாலில் கலந்தால் புளிப்பு பட்டுத் திரியும். சப்போட்டாவுக்குச் சுண்டவைக்கும் வேலையே இல்லை, அப்படியே மசித்துப் போடலாம். அன்னாசியைக் கட்டாயம் வேகவைக்க வேண்டும்; பச்சையாகப் போட்டால் பால் புரதத்தைச் சிதைத்துக் கசக்கவைத்துவிடும். முழுத் துண்டுகளாகப் போட ஆசையென்றால் சர்க்கரையில் ஒரு மணி நேரம் ஊறவைத்துப் போடுங்கள், இல்லாவிட்டால் பல்லில் ஐஸ் கடிபடும்.

சர்க்கரையை இதற்கு மேல் குறைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: 100 கிராமுக்குக் கீழே போக வேண்டாம். இனிப்புக்கு மட்டுமல்ல, கரண்டி இறங்கும் மென்மைக்கும் சர்க்கரைதான் காரணம். மொத்தத்தையும் எடுத்துவிட்டு ஸ்டீவியா போட்டால் செங்கல்தான் வரும். கொழுப்பை இன்னும் குறைக்க வேண்டுமானால் டபுள் டோன்டு பாலில் செய்து, சி.எம்.சி. பவுடர் (ஐஸ்கிரீமைக் கெட்டிப்படுத்தச் சேர்க்கும் பொருள்) கால் டீஸ்பூனைச் சர்க்கரையோடு உலர்வாகக் கலந்து சேருங்கள். நேரே பாலில் தூவினால் கட்டி தட்டும், அளவு கூடினால் பிசின்போல இழுக்கும்.

பரிமாறும் முன் டப்பாவை 10 நிமிடம் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். கொழுப்பு குறைந்த ஐஸ்கிரீம் நேரே ஃப்ரீஸரிலிருந்து வந்தால் இறுக்கமாகத்தான் இருக்கும். ஒரு வாரத்துக்குள் முடித்துவிடுவது நல்லது. கரண்ட் போய் லேசாக இளகியிருந்தால், இறுகவிட்டு மறுபடி மிக்ஸியில் அடித்து வைக்கலாம். முழுக்க உருகியிருந்தால், குளிர்ச்சி போவதற்குள் மில்க்‌ஷேக்காக அன்றைக்கே தீர்த்துவிடுங்கள்.