விலான் போட்டாயிற்று, உண்மையிலேயே பிரிந்திருக்கிறதா? சுவிட்சில் அமைப்பதும் சோதிப்பதும்

ஒரே சுவிட்சில் அலுவலகக் கணினிகள், கேமராக்கள், விருந்தினர் வைஃபை எல்லாம் தொங்கிக்கொண்டிருந்தால் விலான் (ஒரே சுவிட்சைப் பல தனித்தனி நெட்வொர்க்குகளாகப் பிரிக்கும் வசதி) போட்டுப் பிரித்துவிடுவது நல்லது. அமைப்பது அரைமணி நேர வேலைதான். பிரிந்ததா என்று சோதிக்கும் இடத்தில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். ஒரு பிங் (எதிர்முனை பதில் தருகிறதா என்று கேட்கும் சிறு செய்தி) அடிக்கிறார்கள், பதில் வரவில்லை, "சரி, பிரிந்துவிட்டது" என்று எழுந்து போய்விடுகிறார்கள். பதில் வராததற்கு விலானோடு சம்பந்தமே இல்லாத காரணங்கள் நிறைய உண்டு. அதனால் இங்கே அமைப்பதைச் சுருக்கமாகவும் சோதிப்பதைக் கொஞ்சம் விரிவாகவும் எழுதியிருக்கிறேன்.

ஐபி முகவரி, சப்நெட் மாஸ்க், டிஹெச்சிபி இவை தெரியும், சுவிட்சின் நிர்வாகப் பக்கத்துக்குள் நுழையவும் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். எடுத்துக்காட்டு, பிரவுசரில் அமைக்கக்கூடிய 8 போர்ட் ஸ்மார்ட் சுவிட்ச்.

முதலில் தாளில்

சுவிட்சைத் திறக்கும் முன் இப்படி ஒரு பட்டியலை எழுதிக்கொள்ளுங்கள். டேக், அன்டேக், பிவிஐடி என்றால் என்ன என்பது அடுத்த பகுதியில் வருகிறது.

போர்ட் 1: ரவுட்டர். விலான் 1 அன்டேக், 10, 20, 30 டேக், பிவிஐடி 1
போர்ட் 2, 3, 4: கணினிகள். 10 அன்டேக், பிவிஐடி 10
போர்ட் 5, 6: கேமராக்கள். 20 அன்டேக்; பிவிஐடி 20
போர்ட் 7: வைஃபை ஆக்சஸ் பாயின்ட். 10 அன்டேக், 30 டேக், பிவிஐடி 10
போர்ட் 8: காலி. 1 அன்டேக், பிவிஐடி 1

விலான் எண்ணையே ஐபி முகவரியின் மூன்றாம் எண்ணாக வைத்துவிடுங்கள். 10க்கு 192.168.10.0, 20க்கு 192.168.20.0, 30க்கு 192.168.30.0. ஆறு மாதம் கழித்து ஒரு முகவரியைப் பார்த்தவுடனே அது எந்த விலான் என்று தெரியும். எண்கள் 1 முதல் 4094 வரை எதுவும் ஆகலாம். டேகில் விலான் எண்ணுக்கு 12 பிட் இடம், அதில் 0, 4095 இரண்டும் ஒதுக்கப்பட்டவை.

போர்ட் 8 வீணாகக் கிடக்கிறதே என்று யாருக்காவது கொடுத்துவிடாதீர்கள். நிர்வாகப் பக்கத்துக்குள் நுழைய எப்போதும் வழி விடும் போர்ட் அது. வேலை முழுவதையும் அந்தப் போர்ட்டில் லேப்டாப்பைச் செருகியே செய்யுங்கள். வேறு போர்ட்டில் உட்கார்ந்து அதே போர்ட்டின் விலானை மாற்றுவது, நுனிமரத்தில் உட்கார்ந்து அடிமரத்தை வெட்டுகிற கதை.

டேக், அன்டேக், பிவிஐடி

802.1க்யூ டேக் என்பது ஈதர்நெட் ஃப்ரேமுக்குள் (கேபிளில் போகும் ஒரு தரவுப் பொட்டலம்) செருகப்படும் 4 பைட். கேமராவுக்கும் சாதாரணக் கணினிக்கும் டேகைப் பற்றி ஒன்றும் தெரியாது. அவற்றுக்குப் போகும் போர்ட்டில் டேகைக் கழற்றிவிட வேண்டும், அதுதான் அன்டேக். ரவுட்டருக்குப் போகும் கேபிளில் மூன்று விலானும் ஒன்றாகப் போவதால் எது எதுவென்று சொல்ல டேக் வேண்டும்.

குழப்பமே இங்கேதான். டேக், அன்டேக் என்ற அமைப்பு ஃப்ரேம் சுவிட்சைவிட்டு வெளியே போகும்போது என்ன நடக்க வேண்டும் என்பதைச் சொல்கிறது. டேக் இல்லாமல் உள்ளே வரும் ஃப்ரேமை எந்த விலானில் சேர்ப்பது என்று சொல்வது பிவிஐடி. பல ஸ்மார்ட் சுவிட்சுகளில் இவை இரண்டும் வேறு வேறு பக்கங்களில் இருக்கும். ஒன்றை மாற்றினால் மற்றது தானாக மாறாது.

போர்ட் 5ஐ விலான் 20இல் சேர்த்துவிட்டு பிவிஐடியை மறந்தால் என்ன ஆகும்? கேமரா அனுப்புவதெல்லாம் விலான் 1இல் போய் விழும். போர்ட் 5 இன்னும் விலான் 1இலும் உறுப்பினராக இருந்தால் பதிலும் அதே வழியில் திரும்பி வரும். கேமரா ஐபி வாங்கும், படம் வரும், எல்லாம் வேலைசெய்யும். ஆனால் தவறான விலானில். எதுவும் உடையாததால் பல மாதம் யாருக்கும் தெரியாது.

மறதி தலைகீழாகவும் நடக்கும். பிவிஐடியை 20 ஆக்கிவிட்டு, போர்ட்டை விலான் 1இலிருந்து நீக்க மறந்தால் விலான் 1இன் பிராட்காஸ்ட் (எல்லாருக்கும் போகும் செய்தி) எல்லாம் கேமரா போர்ட்டில் கசியும். ஒருவழிக் கசிவு என்பதால் பிங் சோதனையில் இது மாட்டவே மாட்டாது.

அமைக்கும் வரிசை

1. விலான் பக்கத்தில் 802.1க்யூ முறையைத் தேர்ந்தெடுங்கள். போர்ட் அடிப்படையிலான விலான் என்று இன்னொரு தேர்வு பக்கத்திலேயே இருக்கும்; அதில் டேக் கிடையாது, ரவுட்டருக்கு ஒரே கேபிளில் மூன்றையும் அனுப்ப முடியாது.
2. 10, 20, 30 மூன்றையும் உருவாக்கி, பட்டியலில் உள்ளபடி போர்ட்டுகளைச் சேருங்கள்.
3. பிவிஐடி பக்கத்துக்குப் போய் மாற்றுங்கள்.
4. அதன் பிறகே 2 முதல் 7 வரையுள்ள போர்ட்டுகளை விலான் 1இலிருந்து நீக்குங்கள். பிவிஐடி 1 ஆக இருக்கும் போர்ட்டை விலான் 1இலிருந்து எடுக்கச் சில சுவிட்சுகள் விடாது. "நீக்க முடியவில்லை" என்று தலையைச் சொறிவதற்குக் காரணம் பெரும்பாலும் இந்த வரிசை மாறியதுதான்.
5. இப்போதைக்குச் சேமிக்காதீர்கள். மாற்றியது உடனே நடைமுறைக்கு வந்து, நிரந்தரச் சேமிப்புக்குத் தனிப் பொத்தான் இருக்கும் சுவிட்ச் என்றால் இது இலவசக் காப்பீடு. ஏதாவது குளறுபடி ஆனால் மின்சாரத்தைப் பிடுங்கிச் செருகினால் பழைய நிலை திரும்பிவிடும்.

சொற்களைப் பற்றி ஒன்று. சிஸ்கோவில் அன்டேக் போர்ட்டை ஆக்சஸ் என்பார்கள், பல விலான்களைச் சுமக்கும் போர்ட்டை ட்ரங்க் என்பார்கள். ஹெச்பியின் புரோகர்வ் சுவிட்சுகளில் ட்ரங்க் என்றால் பல கேபிள்களைச் சேர்த்து ஒன்றாக்குவது. முற்றிலும் வேறு சமாச்சாரம். சிஸ்கோ ட்ரங்கில் ஏற்கெனவே 10, 20 அனுமதியில் இருக்க, 30ஐச் சேர்க்கும்போது கட்டளையில் 'ஆட்' என்ற சொல்லை விட்டால் பழைய பட்டியல் அழிந்து 30 மட்டும் மிஞ்சும். இந்த ஒரு சொல்லால் மொத்த அலுவலகமும் துண்டிக்கப்படலாம்.

சோதனை 1: ஒரே சப்நெட்டில் இரண்டு லேப்டாப்

பலரும் விலான் 10இல் இருக்கும் 192.168.10.5 கணினியிலிருந்து விலான் 20இல் இருக்கும் 192.168.20.5க்கு பிங் அடிக்கிறார்கள். சப்நெட் வேறு என்பதால் விலானே இல்லாத சுவிட்சிலும் அது நேரடியாகப் போகாது. இந்தச் சோதனை எதையும் நிரூபிக்கவில்லை.

சரியான முறை இது. இரண்டு லேப்டாப்பிலும் வைஃபையை அணைத்துவிடுங்கள். கைமுறையாக 192.168.50.11, 192.168.50.12 என்று முகவரி கொடுங்கள்; மாஸ்க் 255.255.255.0, கேட்வே காலி. இப்போது இரண்டுக்கும் நடுவே குறுக்கே நிற்கக்கூடியது சுவிட்சின் விலான் ஒன்றுதான்.

முதலில் போர்ட் 2, 3இல் செருகி பிங் அடியுங்கள். பதில் வந்தே ஆகவேண்டும். இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். விண்டோஸின் ஃபயர்வால் பொது நெட்வொர்க் என்று கருதும் இடத்தில் பிங்குக்குப் பதில் தராது. ஒரே விலானிலேயே பதில் வராத லேப்டாப்பை வைத்து, வேறு விலானில் பதில் வரவில்லை என்று மகிழ்ந்து என்ன பயன்?

பதில் வந்ததா? இரண்டாவது லேப்டாப்பைப் போர்ட் 5க்கு மாற்றுங்கள். ஸ்பானிங் ட்ரீ (கேபிள்கள் வளையமாகிவிடாமல் காக்கும் சுவிட்ச் வசதி) பழைய முறையில் ஓடினால் போர்ட் உயிர்பெற 30 விநாடி பிடிக்கும். அதற்குள் அடித்த பிங்கைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

இப்போது வரும் பிழைச் செய்தியை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். விண்டோஸில் இரண்டு விதமாக வரும்.

"டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்" என்று, அதுவும் உங்கள் சொந்த முகவரியான 192.168.50.11இலிருந்தே பதில் வந்ததுபோல் காட்டினால் நல்ல செய்தி. "12 யார்?" என்று கேட்ட ஏஆர்பி கேள்விக்கு (ஐபி முகவரிக்குரிய மேக் முகவரியை, அதாவது நெட்வொர்க் கார்டின் சொந்த முகவரியை, தேடும் கேள்வி) யாரும் வாய் திறக்கவில்லை, அடுக்கு 2இலேயே, அதாவது சுவிட்ச் மட்டத்திலேயே, பாதை இல்லை. வேடிக்கை என்னவென்றால், விண்டோஸ் இதையும் வந்த பதிலாக எண்ணி, கடைசி வரியில் இழப்பு 0 சதவீதம் என்று போடும். அந்தக் கடைசி வரியை மட்டும் பார்ப்பவர்கள் பிங் போய்விட்டது என்று பதறுவார்கள்.

"ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்" என்று வந்தால் சந்தேகப்படுங்கள். எதிர்முனையின் மேக் முகவரி கிடைத்து, பிங் மட்டும் நடுவில் செத்திருக்கலாம். ஏஆர்பி பட்டியலைத் திறந்து பாருங்கள். கேபிளை மாற்றும் முன் அடித்த பிங்கின் பழைய பதிவு அதில் ஒட்டிக்கொண்டிருக்கும். அதை அழித்துவிட்டு மறுபடி அடியுங்கள். 192.168.50.12க்கு எதிரே மேக் முகவரி மறுபடியும் முளைத்தால் விலான் பிரியவில்லை. பிங்கை ஃபயர்வால் தடுக்கும், ஏஆர்பியைத் தடுக்காது. குட்டு உடைவது அங்கேதான்.

அடுத்து 5, 6 இரண்டிலும் செருகிப் பாருங்கள், பதில் வரவேண்டும். இல்லையென்றால் பிவிஐடி பக்கத்துக்குத் திரும்புங்கள்.

சோதனை 2: ஒருவழிக் கசிவு

ஒரு லேப்டாப்பைப் போர்ட் 5இல் வைத்து வயர்ஷார்க்கை (கேபிளில் வருவதையெல்லாம் காட்டும் மென்பொருள்) ஓடவிட்டு, ஏஆர்பி மட்டும் தெரியும்படி வடிகட்டுங்கள். இன்னொன்றைப் போர்ட் 8இல் செருகி, இல்லாத முகவரி ஒன்றுக்கு, 192.168.50.99 என்று வைத்துக்கொள்ளுங்கள், பிங் அடியுங்கள். ஒவ்வொரு பிங்குக்கும் "99 யார்?" என்று ஒரு பிராட்காஸ்ட் கிளம்பும். போர்ட் 5இல் அந்தக் கேள்வி காதில் விழுந்தால், போர்ட் 5 இன்னும் விலான் 1இன் உறுப்பினர். பிறகு போர்ட் 2இலிருந்தும் இதேபோல் அடித்துப் பாருங்கள்.

சோதனை 3: ரவுட்டர் பக்கம்

லேப்டாப்பை மறுபடி தானியங்கி முகவரிக்கு மாற்றிவிட்டு போர்ட் போர்ட்டாகச் செருகுங்கள். 2இல் 192.168.10 என்று தொடங்க வேண்டும், 5இல் 192.168.20. விலான் எண்ணையே முகவரியில் வைத்ததன் பயன் இப்போது தெரியும். 169.254 என்று தொடங்கும் முகவரி வந்தால் டிஹெச்சிபி பதில் வரவில்லை என்று பொருள். போர்ட் 1இல் அந்த விலானுக்கு டேக் விடுபட்டிருக்கும், அல்லது ரவுட்டரில் அந்த விலானுக்கு டிஹெச்சிபி போடவில்லை. ஏற்கெனவே செருகியிருக்கும் கருவிகள் போர்ட்டின் விலான் மாறியதை அறியாமல் பழைய முகவரியைப் பிடித்துக்கொண்டிருக்கும். கேபிளை ஒரு தடவை கழற்றிச் செருகினால் போதும்.

சுவிட்ச் பிரித்ததை ரவுட்டர் சேர்த்துவைக்கும் என்பதையும் மறக்கக்கூடாது. பல ரவுட்டர்கள் தடை விதி போடாதவரை ஒரு சப்நெட்டிலிருந்து இன்னொன்றுக்கு வழிவிட்டுவிடும். விலான் 20இலிருந்து 10க்குத் தடை போட்ட பிறகு, விலான் 10இல் இருக்கும் ஒரு கணினியையோ பிரிண்டரையோ வைத்துச் சோதியுங்கள். 192.168.10.1ஐ வைத்துச் சோதித்தால் பதில் வரலாம். அது ரவுட்டரின் சொந்த முகவரி. ரவுட்டர் வழியாகப் போவதற்கு ஒரு விதி, ரவுட்டருக்கே வருவதற்கு வேறு விதி.

டேகைக் கண்ணால் பார்க்க

இதற்கு லினக்ஸ் லேப்டாப்பைத்தான் சொல்வேன். விண்டோஸில் பல நெட்வொர்க் கார்டு டிரைவர்கள் வயர்ஷார்க்குக்குக் கொடுக்கும் முன்பே டேகைக் கழற்றிவிடும். டேக் வந்தும் வராததுபோல் இருக்கும். போர்ட் 1ஐ மிரரிங் மூலம் லேப்டாப் இருக்கும் போர்ட்டுக்குப் பிரதியெடுத்து, லினக்ஸில் பார்த்தால் 8100 என்ற வகை எண்ணும் அதையடுத்து விலான் எண்ணும் தெரியும். அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றால் சுவிட்சின் மேக் பட்டியலே போதும். எந்த மேக், எந்த விலான், எந்தப் போர்ட் என்று ஒரே வரியில் இருக்கும். கேமராவின் மேக் விலான் 1 என்று காட்டினால் பிவிஐடியை மறந்திருக்கிறீர்கள்.

சிறிய பிங் போகிறது, பெரிய பக்கங்கள் திறக்கவில்லை

இரண்டு சுவிட்சுக்கு நடுவே பழைய, அமைக்க முடியாத சுவிட்ச் ஒன்று மாட்டியிருந்தால் இப்படி ஆகலாம். டேக் சேரும்போது ஃப்ரேமின் உச்ச அளவு 1518 பைட்டிலிருந்து 1522 ஆகிறது. சில பழைய சுவிட்சுகள் இதை அளவு மீறியதாகக் கருதி எறிந்துவிடும். துண்டாக்கக்கூடாது என்ற குறியோடு 1472 பைட் பிங் அடித்துப் பாருங்கள். 28 பைட் தலைப்பு சேர்ந்து சரியாக 1500 ஆகும். அது போகாமல் 1468 போனால் காரணம் அந்த 4 பைட்தான். நடுச் சுவிட்சைத் தூக்கிவிடுங்கள், வேறு வைத்தியம் இல்லை.

இரண்டு ஸ்மார்ட் சுவிட்சுகளை இணைக்கும்போது, அந்த இணைப்பின் இருமுனையிலும் பிவிஐடி ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் 1, மறுபக்கம் 10 என்றால் இரண்டு விலானும் அந்தக் கேபிளில் ஒட்டிக்கொள்ளும். நடுவில் நிற்கும் சுவிட்சில் ஒரு விலானுக்கு வேலையே இல்லாவிட்டாலும், அது கடந்துபோக அங்கேயும் அதை உருவாக்கி இரு இணைப்புப் போர்ட்டிலும் டேக் போட வேண்டும்.

எல்லாம் சரியாக வந்தபின் சேமியுங்கள், அமைப்புக் கோப்பைக் கணினியில் இறக்கிவையுங்கள். பிறகு சுவிட்சின் மின்சாரத்தை ஒருமுறை துண்டித்து, மீண்டும் எழுந்ததும் சோதனை 1ஐ இன்னொரு தடவை செய்யுங்கள்.