லிங்க்ட்இன் ப்ரொஃபைல வேலை தேடி வர்ற மாதிரி மாத்துறது எப்படி

நிறைய பேர் லிங்க்ட்இன்ல அக்கவுண்ட் ஓபன் பண்ணி, படிச்சது வேலை பாத்தது எல்லாத்தையும் கொட்டி வச்சுட்டு, ரெண்டு வருஷமா ஒரு மெசேஜ் கூட வரலைன்னு புலம்புறாங்க. நானும் அப்படி புலம்புனவன் தான். விஷயம் என்னன்னா ஆள் எடுக்குறவங்களுக்கு நம்மள யாருன்னே தெரியாது, அவங்க நம்ம பேரைப் போட்டு தேடப் போறதில்ல, பேரோல் (சம்பளக் கணக்கு), எக்ஸெல், எஸ்ஏபி (கம்பெனிங்க கணக்கு வழக்கு பாக்குற சாஃப்ட்வேர்) இப்படி வேலைக்குத் தேவையான வார்த்தைய போட்டு தான் தேடுவாங்க. அந்த வார்த்தை உங்க ப்ரொஃபைல்ல இல்லன்னா நீங்க எவ்ளோ பெரிய கில்லாடியா இருந்தாலும் அவங்க கண்ணுல படுறது கஷ்டம்.

அதனால முதல்ல ப்ரொஃபைலைத் தொடாதீங்க. உங்களுக்கு ஆசையா இருக்குற வேலைக்கு வந்த விளம்பரம் ஒரு பத்து எடுத்து படிங்க, திரும்பத் திரும்ப வர்ற வார்த்தைகளை ஒரு பேப்பர்ல எழுதுங்க, அதுல நிஜமாவே தெரிஞ்சதுக்கு மட்டும் டிக் போடுங்க. தெரியாததையும் சேத்து அள்ளி விட்டீங்கன்னா இன்டர்வியூல முதல் கேள்வியே அதுல தான் வந்து விழும்.

இப்போ ஹெட்லைன், பேருக்குக் கீழ வர்ற வரி. 220 எழுத்து வரைக்கும் இடம் இருக்கு, ஆனா பாதி பேர் பதவியையும் கம்பெனி பேரையும் மட்டும் போட்டுட்டு விட்டுடுறாங்க. வெறுமனே "அக்கவுண்ட்ஸ் எக்ஸிகியூட்டிவ்"னு இருக்குறதை "அக்கவுண்ட்ஸ் எக்ஸிகியூட்டிவ் | பேரோல், வெண்டர் பேமென்ட், பேங்க் ரெகன்சிலியேஷன் | எக்ஸெல், எஸ்ஏபி"ன்னு மாத்துங்க. விளம்பரம் எந்த மொழியில வருதோ அந்த மொழியிலயே போடுங்க. கடின உழைப்பாளி, டீம் பிளேயர் எல்லாம் வேண்டாம், அதைப் போட்டு யாருங்க தேடப் போறா?

அடுத்து எக்ஸ்பீரியன்ஸ், இதுக்கு தான் அதிக நேரம் ஒதுக்கணும். "பேரோல் பாத்துக்கிட்டேன்"னு எழுதுனா படிக்கிறவருக்கு ஒண்ணும் தெரியாது. "240 பேருக்கு மாசா மாசம் பேரோல், 4 நாள் இழுத்த வேலை எக்ஸெல் மேக்ரோ போட்டப்புறம் ஒன்றரை நாள்ல முடியுது"ன்னு எழுதிப் பாருங்க, எவ்ளோ வித்தியாசம். என் வேலைல நம்பரே இல்லையேன்னு சொல்லாதீங்க, எத்தனை பேருக்கு, எத்தனை நாள்ல, எத்தனை தப்பு குறைஞ்சுதுன்னு யோசிச்சா ஏதாவது ஒண்ணு மாட்டும். கம்பெனியோட ரகசிய கணக்கை மட்டும் வெளிய விட்றாதீங்க.

அபவுட் பகுதியில 2,600 எழுத்து எழுதலாம், ஆனா திறந்ததும் தெரியிறது மேல இருக்குற ஒரு சில வரி தான், மிச்சத்தை கிளிக் பண்ணா தான் பாக்க முடியும். அதனால முக்கியமானது மேலயே வரட்டும். போட்டோ முகம் தெளிவா தெரியிற மாதிரி இருந்தா போதும். கோடிங் ஆளா இருந்தா, கோடை போட்டு வைக்கிற கிட்ஹப் சைட்ல உங்க ப்ரொஃபைல் மேல தெரியிற மாதிரி 6 ப்ராஜெக்ட் வரைக்கும் பின் பண்ணலாம், பாதியில விட்டதை பின் பண்ணாதீங்க.

ஒரு உஷார். நான் முன்னாடி ஒரு ஆபீஸ்ல இருந்தப்போ, செட்டிங்ஸ்ல ப்ரொஃபைல் மாற்றத்தை நெட்வொர்க்குக்கு சொல்றதை ஆஃப் பண்ணாம விட்டுட்டேன், மறுநாள் காலைல மேனேஜர் சிரிச்சுக்கிட்டே "என்னப்பா, கிளம்புறியா?"ன்னாரு. அதை முதல்ல ஆஃப் பண்ணிடுங்க. வேலை தேடுறேன்னு காட்டுற "ஓபன் டு வொர்க்"லயும் ஆள் எடுக்குறவங்களுக்கு மட்டும் தெரியிற மாதிரி வைக்கலாம், உங்க கம்பெனிக்கு ஆள் எடுக்குறவங்களுக்குத் தெரியாம லிங்க்ட்இன் மறைக்கப் பாக்கும், ஆனா முழு கேரண்டி இல்லன்னு லிங்க்ட்இன்னே சொல்லுது.

இதெல்லாம் முடிஞ்சதும் தேடல்ல எத்தனை தடவை வந்தீங்கன்னு ப்ரொஃபைல்லயே ஒரு கணக்கு காட்டும், அதை அப்பப்போ பாத்துட்டு, ஏறலைன்னா ஹெட்லைன்ல வார்த்தைய மாத்திப் போடுங்க. எனக்கு மூணாவது தடவை மாத்துனப்புறம் தான் முதல் மெசேஜ் வந்துச்சு, ஆசையா தொறந்து பாத்தா இன்சூரன்ஸ் ஏஜென்ட். ரெண்டாவது மெசேஜ் தான் வேலைக்கு வந்தது.