பழைய பைத்தான் புராஜெக்டில் ரஃப் போடுவது எப்படி?

புதுப் புராஜெக்டில் ரஃப் மாதிரி லின்ட் டூல் (கோடில் உள்ள தப்புகளை, ஓட்டிப் பார்க்காமலே காட்டும் கருவி) போடுவது பெரிய விஷயமில்லை. பல பேர் கைவைத்த பழைய ஜாங்கோ கோடில் முதல்முறை ஓட்டிப் பாருங்கள், திரை முழுக்க எச்சரிக்கை கொட்டும். அதோடு ஆசை விட்டுப்போய் மூடிவைத்தவர்கள்தான் அதிகம். எங்கள் கோடில் அது ஓடிக்கொண்டிருக்கிறது. எப்படி என்று சொல்கிறேன்.

பைத்தானும் கிட்டும் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். டெர்மினலில் ஆங்கிலத்தில் அடியுங்கள்.

படி 1: பிப் இன்ஸ்டால் ரஃப்

தப்பு காட்டும் ஃபிளேக்8, இம்போர்ட்டுகளை வரிசைப்படுத்தும் ஐசார்ட், கோடை ஒரே வடிவில் அடுக்கும் பிளாக் மூன்றின் வேலையையும் பெரும்பாலும் இது ஒன்றே பார்த்துவிடும். 2022-இல் வந்தது, ரஸ்டில் எழுதியது. ஃபைலை சேவ் செய்யும்போதெல்லாம் ஓட்டலாம், அவ்வளவு வேகம். பைலின்ட் என்ற இன்னொரு லின்ட் டூல் இன்னும் ஆழமாகப் பார்க்கும், ஆனால் மெதுவு. அதை இரவில் சிஐ-யில் (கோடைத் தானாகச் சோதிக்கும் சர்வரில்) ஓடவிடுங்கள், எடிட்டரில் வேண்டாம்.

படி 2: விதிகளைப் பொறுக்குங்கள்

ரஃப்பில் 800-க்கும் மேற்பட்ட விதிகள் உண்டு. எடுத்ததுமே 'ஆல்' போடாதீர்கள். பைபுராஜெக்ட்.டாம்ல் ஃபைலில் [டூல்.ரஃப்.லின்ட்] என்பதற்குக் கீழே:

செலக்ட் = ["இ4", "இ7", "இ9", "எஃப்", "பி", "சி90", "ஆர்யூஎஃப்100"]

இதில் பி வரிசைக்காகவே (பக் ஆகக்கூடிய கோடைப் பிடிக்கும் விதிகள்) ரஃப் போடலாம். உதாரணத்துக்கு பி006. ஒரு ஃபங்ஷன்:

டெஃப் சேர்(பொருள், பில்=[]):
    பில்.அப்பெண்ட்(பொருள்)
    ரிட்டர்ன் பில்

சேர்("அரிசி") என்று கூப்பிட்டால் ["அரிசி"] வரும். அடுத்த வாடிக்கையாளருக்கு சேர்("பருப்பு") என்று கூப்பிட்டால் ["அரிசி", "பருப்பு"] வரும்! அந்தக் காலி லிஸ்ட் ஒவ்வொரு அழைப்புக்கும் புதிதாகப் பிறப்பதில்லை. ஃபங்ஷனை வரையறுக்கும்போது ஒரே ஒருமுறைதான் உருவாகிறது. பில்=நன் என்று வைத்து, உள்ளே புது லிஸ்ட் உருவாக்குவதுதான் சரி.

சி90, ஃபங்ஷனுக்குள் இஃப்பும் ஃபாரும் எவ்வளவு கிளை பிரிகின்றன என்று எண்ணும். 10-ஐத் தாண்டினால் கத்தும். அந்த அளவை ஏற்றாதீர்கள்.

படி 3: வேண்டாத இம்போர்ட்டுகளை எடுப்பது

இங்கேதான் நிதானம் வேண்டும். முதலில் ரஃப் செக் --செலக்ட் எஃப்401 --டிஃப் அடித்து, எதெல்லாம் போகப்போகிறது என்று வரிவரியாகப் படியுங்கள். அதன் பிறகுதான் --டிஃப் இடத்தில் --ஃபிக்ஸ்.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், ஜாங்கோவில் ஆப்ஸ்.பை ஃபைலுக்குள், ரெடி மெத்தடில் 'ஃப்ரம் . இம்போர்ட் சிக்னல்ஸ்' என்று ஒரு வரி இருக்கும். அந்தப் பெயரை அப்புறம் யாரும் தொடுவதே இல்லை. இம்போர்ட் ஆனால்தான் ரிசீவர்கள் (ஒரு நிகழ்வு நடந்ததும் தானாக ஓடும் ஃபங்ஷன்கள்) பதிவாகும். அந்த வரி இருப்பதே அதற்குத்தான். ரஃப்புக்கு அது தெரியாது, தூக்கிவிடும். எரர் எதுவும் வராது. சர்வர் எழும், லாகின் பக்கம் திறக்கும். புதிதாகப் பதிவு செய்பவருக்கு புரொஃபைல் மட்டும் உருவாகாது. இனிட் ஃபைலில் உள்ள இம்போர்ட்டுகளை ரஃப் தானாக அழிப்பதில்லை, ஆனால் ஆப்ஸ்.பைக்கு அந்தச் சலுகை இல்லை.

அந்த வரியின் முடிவில் # நோக்யூஏ: எஃப்401 என்று எழுதிவிடுங்கள். இந்த வரியில் அந்த விதியை விட்டுவிடு என்று ரஃப்புக்குச் சொல்லும் குறிப்பு அது. எண் இல்லாமல் வெறும் நோக்யூஏ போட்டால் அந்த வரியில் வேறு என்ன தப்பு இருந்தாலும் வாயைத் திறக்காது.

படி 4: பழைய கணக்கை ஒதுக்கிவையுங்கள்

மிச்சமிருக்கும் எச்சரிக்கைகளுக்கு ரஃப் செக் --ஆட்-நோக்யூஏ. ஒவ்வொரு வரியிலும் உரிய எண்ணோடு குறிப்பு ஏறிவிடும். பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும், பரவாயில்லை. இனி சிவப்பு வந்தால் அது புதுக் கோடில் வந்ததுதான். பழைய ஃபங்ஷனைத் திருத்தும்போது அங்கிருக்கும் குறிப்புக்கு வேலை இல்லாமல் போனால் ஆர்யூஎஃப்100 காட்டிக்கொடுக்கும், அழித்துவிடலாம்.

கோடை ஒரே வடிவில் அடுக்கும் ரஃப் ஃபார்மேட்டை ஓட்டி, அந்த மாற்றத்தைத் தனி கமிட்டாகப் போடுங்கள். அதன் ஹேஷை .கிட்-பிளேம்-இக்னோர்-ரெவ்ஸ் ஃபைலில் எழுதிவைத்தால், கிட்ஹப்பில் பிளேம் பார்க்கும்போது எல்லா வரியும் உங்கள் பெயரில் நிற்காது.

படி 5: ப்ரீ-கமிட்டில் (ஒவ்வொரு கமிட்டுக்கும் முன்னால் சோதனைகளை ஓட்டும் டூல்) ரஃப் ஹூக்கைச் சேர்த்து, ப்ரீ-கமிட் இன்ஸ்டால் அடியுங்கள். முடிந்தது.

பின்சேர்க்கை: "டெர்மினலில் சுத்தமாக இருக்கிறது, கமிட் செய்தால் மட்டும் தடுக்கிறது" என்று கமென்டில் கேட்டிருந்தார்கள். ப்ரீ-கமிட் உங்கள் என்வைரன்மென்ட்டில் உள்ள ரஃப்பைப் பயன்படுத்தாது. அதன் கான்ஃபிக் ஃபைலில் ரெவ் என்ற இடத்தில் இருக்கும் பதிப்பைத் தனியாக இறக்கிக்கொள்ளும். ரஃப் --வெர்ஷன் அடித்து, இரண்டு எண்ணும் ஒன்றா என்று பாருங்கள்.